சுவரைப் பார்த்த டப்பா

ஜூன் 8

மலை மேல் இருப்பவருக்கு,

இங்கே நலம்தான். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் மலைக்குச் சாமான் ஏற்றிப்போகும் லாரிக்காரர் சொல்லியிருப்பார், அவர் வாயில் எதுவும் தங்காது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். வண்டிக் கொட்டகையின் மேல் தட்டில் ஐந்து டப்பா இன்ஜின் ஆயில் இருக்கிறது. நீங்கள் வாங்கி வைத்தது. நீங்கள் போயே இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதற்கு முன்னால் எத்தனை காலம் அங்கே கிடந்ததோ தெரியாது. அதை இப்போது வேனில் ஊற்றலாமா, கூடாதா?

மூலைக்கடை மெக்கானிக்கைக் கேட்டேன். டப்பாவை எடுத்துப் போயிருந்தேன், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தூக்கிப் போடுங்கம்மா, இன்ஜின் இறுகிப் பிடிச்சுக்கும்" என்றார். சொல்லிக்கொண்டே அவர் கை அலமாரியில் இருந்த புது டப்பா பக்கம் போனது. ஹார்டுவேர் கடைக்காரர் நேர் எதிர். "பூமிக்குள்ள கோடி வருஷமாக் கிடந்த எண்ணெய்ம்மா அது. உங்க கொட்டகையில நாலஞ்சு வருஷம் கிடந்ததும் கெட்டுடுமா?" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது, அதுதான் தொல்லை. உங்கள் தங்கையிடம் சொன்னேன். "அண்ணனையே கேளுங்க அண்ணி" என்றாள். அரிசி விலை ஏறியதைச் சொன்னாலும் அவள் அதைத்தான் சொல்வாள்.

எதற்கு என்று கேட்காதீர்கள். ஊற்றலாம், ஊற்றக்கூடாது, இரண்டில் ஒன்றை எழுதினால் போதும்.

கடையில் வேலை அதிகம். பள்ளிக்கூடம் திறந்ததும் பலகையில் எழுத்துத் தெரியவில்லை என்று பிள்ளைகள் வரிசையில் வந்து நிற்கிறார்கள். லென்ஸ் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி மரத்துப்போகிறது.

உங்கள் கம்பளிக் கோட்டு இங்கேயே ஆணியில் தொங்குகிறது. மலையில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று லாரிக்காரர் சொன்னார். ஆயிலைப் பற்றி எழுதும்போது கோட்டு வேண்டுமா என்பதையும் எழுதுங்கள்.

நான்தான்.

•

ஜூன் 17

கண்ணாடிக்காரிக்கு,

மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தோம். லாரிக்காரர் வழக்கம்போல ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து நீட்டினார். இந்த மலைக்கு நான் வந்ததிலிருந்து எனக்கென்று இறங்கிய முதல் சாமான் அது. ஜெனரேட்டர் அறைக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். இங்கே சிக்னலும் ஏறாது, வயர்லெஸ்ஸும் வானிலை ஆபீஸ் வேலைக்கு மட்டும்தான். அதனால் உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் பயந்தேன். அப்புறம் ஆயில் என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டில் ஒன்று எழுதச் சொன்னாய். இரண்டில் ஒன்றாகச் சொல்லக்கூடிய விஷயமா இது?

மெக்கானிக் சொன்னதும் பாதி சரி, ஹார்டுவேர்க்காரர் சொன்னதும் பாதி சரி. எண்ணெய் சுலபத்தில் கெடாது. ஆனால் டப்பாவில் இருப்பது வெறும் எண்ணெய் இல்லை. துருப்பிடிக்காமல் இருக்க ஒன்று, நுரைக்காமல் இருக்க ஒன்று, அழுக்கைத் தாங்கிக்கொள்ள ஒன்று என்று மருந்து மாதிரி பல பொருள்களைக் கலந்திருப்பார்கள். நாளாக ஆக அந்த மருந்துதான் அடியில் போய்த் தங்கும். மூடி திறக்காமல், வெயிலும் ஈரமும் படாமல் இருந்தால் ஐந்து வருஷம்வரை தாங்கும் என்பார்கள். டப்பாவின் அடியில் மாதமும் வருஷமும் குத்தியிருக்கும், பார். நான் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. புது மாடல் வண்டிக்குப் பழைய தரத்து ஆயில் ஒத்துக்கொள்ளாது. நம் வேனுக்கு அந்தக் கவலை இல்லை, அது எந்த ஆயிலையும்விட மூத்தது.

ஊற்றுவதற்கு முந்தின நாள் டப்பாவைக் கவிழ்த்து வை. மறுநாள் நன்றாகக் குலுக்கி, ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பார். தெளிவாக இருந்தால் ஊற்றலாம். பால் விட்ட மாதிரி மங்கலாக இருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடியில் சகதி நின்றாலும், விரலில் தேய்த்தால் நறநறவென்று இருந்தாலும் வேண்டாம். உன் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது, அதனால் இதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

ஐந்தில் ஒன்று நான் திறந்தது. திறந்த டப்பாவுக்குள் காற்றில் இருக்கும் ஈரம் போய்விடும், அதை இன்ஜினுக்கு ஊற்றாதே. எது என்று கண்டுபிடிப்பது சுலபம். திறந்த டப்பாவை லேபிள் சுவரைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைப்பேன். ஆலையில் வேலை பார்த்தபோது மூன்று ஷிப்ட்காரர்களும் அப்படித்தான் வைப்போம். ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டோம், பேச மாட்டோம், ஆனாலும் எது திறந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எதற்கு என்று கேட்காதே என்றாய், கேட்கவில்லை. வேன் எங்கே போகப்போகிறது என்று மட்டும் எழுது.

கோட்டை அனுப்பாதே. குளிர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அந்த ஆணியில் தொங்கும்வரை நான் அந்த வீட்டைவிட்டு முழுசாகப் போகவில்லை என்று ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான். தொங்கட்டும்.

ஜெனரேட்டர்காரன்.

•

ஜூன் 28

ஜெனரேட்டர்காரருக்கு,

ஒரு காரியம் நடந்துபோயிருக்கிறது. நீங்கள் போன வாரத்திலேயே நான் கொட்டகையைச் சுத்தம் செய்தேன். சுத்தம் செய்தேன் என்பதைவிட அதன்மேல் கோபத்தைக் காட்டினேன் என்று சொல்லலாம். மேல் தட்டைத் துடைக்கும்போது நாலு டப்பா முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. ஒன்று மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. உங்களை மாதிரியே. கோபம் வந்தால் நீங்களும் சுவரைப் பார்த்துத்தானே படுப்பீர்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடித்துத் திருப்பி, மற்றதோடு சேர்த்து வரிசையாக நிறுத்தினேன். அன்றிலிருந்து ஐந்தும் ஒரே மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. எது திறந்தது என்று யாருக்குத் தெரியும்?

பேசாமலே புரிந்துகொள்ளும் வழக்கம் உங்கள் ஆலையில் இருந்தது. நம் வீட்டில் என்றைக்கு இருந்தது? எனக்கு வாயைத் திறந்து சொன்னால்தான் புரியும். "திறந்த டப்பாவைத் திருப்பி வச்சிருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆலை மூடியதும் அப்படித்தான் செய்தீர்கள். மலை வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்து நின்று, "ரெண்டு வருஷம்தான்" என்றீர்கள். போகட்டுமா என்று கேட்கவில்லை. நீயும் வருகிறாயா என்றும் கேட்கவில்லை.

சரி, ஆயிலுக்கு வருகிறேன். ஒவ்வொரு மூடியாகத் திருகிப் பார்த்தேன். நாலு டப்பாவில் மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளித் தாள் அப்படியே இருந்தது. ஒன்றில் கிழிந்திருந்தது. ஆக, சுவர் சொல்லாததைத் தாள் சொல்லிவிட்டது. கிழிந்ததைக் கடைக்குக் கொண்டுபோய், லென்ஸில் கீறல் பார்க்கிற விளக்கின்முன் டம்ளரில் ஊற்றிப் பார்த்தேன். மழைநாள் ஜன்னல் மாதிரி மங்கலாக இருந்தது. முதலாளி என்னம்மா இது என்றார். வீட்டுக்காரர் கொடுத்த வேலை என்றேன்.

அந்த மங்கலான ஆயிலை வீணாக்க மனசில்லை. வாசல் கேட்டின் கீலுக்கு விட்டேன். இத்தனை வருஷமாகத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்த கேட் இப்போது மூச்சே விடுவதில்லை. யாராவது திறந்துகொண்டு உள்ளே வந்தாலும் தெரியாது. அதனால் கட்டிலை வாசல் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டேன். காற்று வரும் என்பதற்காகத்தான்.

வேன் எங்கே போகிறது என்று கேட்டிருந்தீர்கள். கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கேட்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான். சொல்ல மாட்டேன். வேனுக்கு நாலு டப்பா போதுமா? போதாதென்றால் புதுசு ஒன்று வாங்கிப் பழசோடு கலக்கலாமா?

நான்.

•

ஜூலை 9

கண்ணாடிக்காரிக்கு,

வேனுக்கு ஐந்து டப்பா வேண்டும். பழசோடு புதுசைக் கலக்கலாம், லேபிளில் இருக்கும் தரம் ஒன்றாக இருந்தால் சரி. நின்ற வண்டி என்பதால் உள்ளே இருக்கும் ஆயிலை முழுசாக வடித்துவிட வேண்டும். இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகு வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். ஃபில்ட்டரையும் மாற்றச் சொல். இதையெல்லாம் வாங்கப்போகிறவரிடமும் சொல்லிவிடு.

ஆமாம், தெரியும். போன வாரம் லாரிக்காரர் நம் தெரு வழியாகப் போயிருக்கிறார். வேன் வாசலில் நின்றதாம், பானட் திறந்திருந்ததாம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாராம். "வாங்க வந்த ஆள் மாதிரி இருந்துச்சு, நல்லாப் பேரம் பேசுற முகம்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்.

விற்பதானால் விற்றுவிடு. வண்டியை ஓட்ட ஆள் இல்லை, நிற்க வைத்து என்ன செய்வாய். எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பேனா ஓடவில்லை. இருக்கிறது.

அந்த ஆயிலை எதற்கு வாங்கினேன் என்று உனக்குச் சொன்னதில்லை. இன்ஜினைப் பிரித்துக் கட்டிய வருஷம், நாம் இரண்டு பேரும் கடலைப் பார்க்கப் போகலாம் என்று பேசிக்கொண்டே இருந்தோம் இல்லையா. கரையோரமாகவே போய்க்கொண்டிருக்கலாம், அலுத்தால் திரும்பலாம் என்றாய். அவ்வளவு தூரம் போனால் வழியில் ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டிவரும் என்று அந்த ஐந்தையும் வாங்கி வைத்தேன். பிறகு ஆலையை மூடினார்கள். ஒன்றைத் திறந்தது உனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்த அன்று. அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை.

இன்னொரு விஷயம். என் இரண்டு வருஷம் ஆகஸ்டோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா என்று ஆபீஸில் கேட்கிறார்கள். இருபதாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். போன தடவை கேட்காமல் போட்டேன் என்றாய். இந்தத் தடவை கேட்கிறேன். போடட்டுமா, வேண்டாமா?

நான் கிளம்பிய அன்று "போறதுன்னா திரும்பி வராதீங்க" என்று சொன்னாய். கோபத்தில் சொன்னது என்று என் புத்திக்குத் தெரிகிறது. காதுக்குத்தான் தெரியமாட்டேன் என்கிறது.

ஜெனரேட்டர் நின்றால்தான் இங்கே அமைதி. அமைதியானால் பின்னால் நீ நடக்கிற மாதிரிச் சத்தம் கேட்கும். அதனால் நான் அதை ஓய்வுக்கு நிறுத்தும் நேரத்திலும் நிறுத்துவதில்லை. டீசல் அதிகம் ஆனாலும் இவன் கடமை தவறாதவன் என்று சூப்பரிண்டெண்டன்ட் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

•

ஆகஸ்ட் 14

பெரிய புத்திசாலிக்கு,

வேனை நான் விற்கவில்லை. விற்கிறேன் என்று உங்களிடம் சொன்னேனா? லாரிக்காரர் சொன்னாராம், இவர் நம்பினாராம். அந்த மனிதர் சாலையில் ஆட்டையும் ஆளையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு லென்ஸ் தேய்த்துப் போட்டுக் கொடுத்ததே நான்தான். கண்ணாடி போட்டும் என் வீட்டு வாசலில் நடந்தது அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளைச் சட்டைக்காரர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஸ்கூல் காரில் பழகிக்கொண்டிருந்தேன், இவ்வளவு பெரிய வண்டியை என்னால் ஓட்ட முடியுமா என்று பார்க்கச் சொல்லி வரவழைத்தேன். முடியும் என்றார். டெஸ்டில் முதல் தடவை பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டேன். இரண்டாவது தடவை பாஸ். நேற்றுத்தான் லைசென்ஸ் கைக்கு வந்தது. அது வராமல் உங்களுக்கு எழுதுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன், அதனால்தான் இத்தனை நாள் பதில் இல்லை. படத்தில் திருடி மாதிரி இருக்கிறேன். சிரிப்பீர்கள்.

நீங்கள் சொல்லிக்கொடுத்த அன்று மார்க்கெட் முனையில் வண்டி நின்றுபோனது. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். "உனக்கு இது வராது, இறங்கு" என்றீர்கள். இறங்கினேன், வீடு வரைக்கும் நடந்தேன். நீங்கள் வேனைப் பின்னாலேயே ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். ஏறிக்கொள் என்று ஒரு வார்த்தை வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ்வளவு மெதுவாக நடந்தேன் என்பது உங்களுக்குத் தெரியுமா? கால் வலிதான் மிச்சம். வாத்தியார் சொல்கிறார், எனக்குக் கிளட்ச் நன்றாகப் பிடிபட்டிருக்கிறதாம்.

ஆயில் மாற்றியாயிற்று. நீங்கள் சொன்ன மாதிரியே நாலு டப்பாவையும் கவிழ்த்து வைத்து, குலுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் எடுத்துக் கடையில் வைத்துப் பார்த்தேன். நாலும் தெளிவு. எவ்வளவு தெளிவு என்றால், டம்ளர் வழியாகவே கண் சோதிக்கும் பலகையின் கடைசி வரியைப் படித்துவிட்டேன். கண்ணாடிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வரி வெறும் கண்ணிலேயே தெரியாது. புதுசு ஒன்று அதே தரத்தில் வாங்கிச் சேர்த்தோம். ஊற்றியது மூலைக்கடை மெக்கானிக்தான். முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார். இன்ஜினை ஓடவிட்டதும் காதைச் சாய்த்துக் கேட்டார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேட்டீர்களே, அது போதும். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் உங்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும். என்னிடம் பதில் இருக்கிறது. அதைக் காகிதத்தில் எழுத மாட்டேன், உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை பேனாவைத் தொடாதீர்கள். இருபதாம் தேதி கேட்டால், பெண்டாட்டி யோசிக்கிறாள் என்று சொல்லுங்கள்.

மலை ஏறும்போது எந்தக் கியரில் போக வேண்டும், வளைவில் எப்போது ஹார்ன் அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டேன். கடையில் இருபதுக்குமேல் லீவு கிடைக்கும். இதற்குமேல் நான் எழுத மாட்டேன், நீங்களே புரிந்துகொள்ளுங்கள். பேசாமலே புரிந்துகொள்கிற ஆள்தானே.

இதை இன்றைக்கே லாரிக்காரர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நான்.

•

ஆகஸ்ட் 21

உனக்கு,

மழையில் மலைப்பாதை சரிந்துவிட்டது. இந்த வாரம் லாரி மேலே வரவில்லை. சாலை வேலைக்காரர்களின் ஜீப் மட்டும் எப்படியோ ஓரமாக ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. அதில் உன் கடிதம் இல்லை.

லாரியில் இருந்தாலும் இருக்கும் என்று மனசு சொல்கிறது. ஆனால் பாதை சரிவதற்கு முன்னால் வந்த லாரிகளிலும் இல்லையே. ஒவ்வொரு வாரமும் கீழே போய் நின்றேன். கடைசியாக வந்தபோது, நான் கேட்கும் முன்பே லாரிக்காரர் பாட்டை நிறுத்திவிட்டுக் கையை விரித்துக் காட்டினார். உன்னிடம் கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை. சொல்லாததும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்றே சொல்லியிருக்க வேண்டும், ஒரு நாள் இழுத்தடித்தேன். இன்றைக்கு ஜீப் திரும்பும்போது காகிதம் போயாக வேண்டும் என்று ஆபீஸில் நிற்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அந்தக் கவரும் கீழே செக்போஸ்ட்டுக்குப் போகிறது. லாரிக்காரர் அங்கே நின்றால் அவர் இரண்டையும் ஊருக்குக் கொண்டுவருவார்.

வேன் நல்ல கையில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். நேரம் இருக்கும்போது அந்தக் கோட்டை அனுப்பு. இனி இங்கேதானே.

நான்.

•

ஆகஸ்ட் 23, செக்போஸ்ட்

மேலே இருப்பவருக்கு,

இரண்டு கடிதம் அனுப்புகிறேன். பதினாலாம் தேதி போட்டதை முதலில் படியுங்கள், இதை உறையின் மேலும் எழுதியிருக்கிறேன். அதைப் படிக்காமல் இதைப் படித்தால் உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அது இவ்வளவு நாளும் லாரியின் முன்பெட்டியில், வெற்றுச் சாக்குக்கு அடியில் கிடந்திருக்கிறது, ஜீப்பில் கொடுத்தனுப்ப அவருக்குத் தோன்றவில்லையாம். லாரி இங்கேயே, தடுப்புக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

நான் நேற்றுக் காலையில் கிளம்பினேன். முதல் வளைவில் வாத்தியார் சொன்னதைவிட இரண்டு ஹார்ன் அதிகமாக அடித்தேன். அப்புறம் பயப்பட நேரம் இல்லை. ஒரு இடத்தில் ஏற்றத்தில் வண்டி நின்றுபோனது, பின்னால் இரண்டு வண்டிக்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். அடித்தால் அடித்துக்கொள் என்று நிதானமாக ஸ்டார்ட் செய்து எடுத்தேன். நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வரும் வழியெல்லாம் அதுதான் என் நினைப்பு, நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

செக்போஸ்ட்டில் என்னை நிறுத்திவிட்டார்கள். சரிவைத் தாண்டி ஜீப்பைத் தவிர எதையும் விடமாட்டார்களாம். டீக்கடைப் பெஞ்சில் லாரிக்காரர் உட்கார்ந்திருந்தார். நம் வேனைப் பார்த்துவிட்டு எழுந்தார், ஓட்டியது நான் என்று தெரிந்ததும் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். உங்கள் கடிதத்தை அவர்தான் கொடுத்தார். நின்ற இடத்திலேயே படித்தேன். அழுதேன், அதை மறைப்பானேன். டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு டீ கொண்டுவந்து வைத்தார்.

லாரிக்காரர் கையில் இன்னொரு கவர் இருந்தது, ஆபீஸ் முத்திரை போட்டது. அவர் என்னைப் பார்த்தார், கவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குக் கண்ணாடி இல்லாம எது எங்க இருக்குன்னு ஒண்ணும் தெரியாதும்மா" என்று சொல்லிக் கவரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அது நான் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி, அதில் ஒரு தூசி இல்லை. கவரை எடுத்து உங்கள் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். கோட்டு என் மேல்தான் இருக்கிறது. உங்களுக்குக் கொடுக்க எடுத்து வந்தேன், இங்கே குளிர் தாங்கவில்லை.

கவரைப் பிரிக்கவில்லை. கிழிக்கவும் மாட்டேன். நீங்கள் கேட்காமல் போட்ட கையெழுத்து இல்லை இது. கேட்டீர்கள், என் பதில்தான் நேரத்துக்கு வரவில்லை. நேரில் சொல்லலாம் என்று வந்தேன், அதற்கும் பாதை விடவில்லை. அதனால் எழுதுகிறேன், காகிதத்தில் எழுத மாட்டேன் என்று சொன்னதை மறந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்துவிடுங்கள். அன்றைக்குத் திரும்பி வராதீர்கள் என்றது, போகாதீர்கள் என்று சொல்ல வராததால். இந்த இரண்டு வருஷத்தில் கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்திருக்கிறேன். அது தாங்காமல்தான் கீலுக்கு ஆயில் விட்டேன். விட்ட பிறகு, நீங்கள் வந்தால் எனக்குத் தெரியாமல் போய்விடுமே என்று கட்டிலை வாசல் பக்கம் போட்டேன். காற்றாவது ஒன்றாவது. நீங்கள் எனக்கு வேண்டும். டப்பாவை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வையுங்கள்.

இல்லை, கையெழுத்து கையெழுத்துதான் என்றால் அதையும் எழுதிவிடுங்கள். நானே கவரை லாரிக்காரர் கையில் கொடுத்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். திருப்பத் தெரியும்.

வண்டி ஆறியதும் ஆயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் சரியாக நிற்கிறது. நிறம் கொஞ்சம் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் ஆயில் கெட்டுப்போகவில்லை.

வேனை மலையைப் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். ஜீப்காரர் அவசரப்படுத்துகிறார். பதில் வரும்வரை இங்கேதான் இருப்பேன்.

•

ஆகஸ்ட் 24

கண்ணாடிக்காரிக்கு,

நீ சொன்ன வரிசையில்தான் படித்தேன். முதலாவதைப் படித்து முடித்ததும் அடுத்ததைப் பிரிக்கக் கை வரவில்லை. ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுப் படித்தேன். மாற்று ஆபரேட்டர் பதறிப்போய் ஓடி வந்தார், ஏதோ பழுது என்று.

அந்தக் கவரை டீக்கடை அடுப்பில் போடு. சூப்பரிண்டெண்டன்டிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். என்னப்பா திடீரென்று என்றார். "என் பெண்டாட்டி வண்டி ஓட்டிக்கிட்டு வந்து கீழ நிக்குறா சார்" என்றேன். "அப்ப கிளம்புப்பா" என்றார். மிச்சம் இருக்கும் நாளை மாற்று ஆபரேட்டர் பார்த்துக்கொள்கிறார். அவருக்கும் ஊரில் பெண்டாட்டி இருக்கிறாள்.

இந்தக் கடிதம் இன்றைய ஜீப்பில் வருகிறது, நான் நாளைக் காலை ஜீப்பில் வருகிறேன். சரிவில் ஜீப் நின்றுவிட்டால் இறங்கி நடந்துவிடுவேன். கோட்டைக் கழற்றாதே, எனக்கு இனி அது தேவைப்படாது.

நான் வருவதற்குள் நீ ஒன்றே ஒன்று செய். மலையைப் பார்த்து நிற்கிற வேனைத் திருப்பி, வீட்டைப் பார்த்து நிறுத்தி வை. கடல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அதைப் பிறகு பேசுவோம்.

நீதான் ஓட்டுகிறாய். எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் வண்டி நிற்கட்டும், யார் வேண்டுமானாலும் ஹார்ன் அடிக்கட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு வருஷத்தையும் சொல்லி, வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வருகிறேன்.